பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறீர்களா? விலையைக் கேட்கும் முன் ஆர்.சி.யைக் கேளுங்கள்

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு வேகக் கார் ஆசை வராமல் தப்பிப்பது கஷ்டம். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளத்தின் வேலி ஓரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்றால் போதும், வங்கிக் கணக்கில் இருக்கிற பணமெல்லாம் காராகத் தெரிய ஆரம்பித்துவிடும். எனக்கும் அப்படித்தான் ஆனது. பெங்களூரில் ஒரு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். கிடைத்தது. இங்கே கேட்ட விலையைவிட இரண்டேகால் லட்சம் குறைவு. ஓட்டிக்கொண்டு வர ஏழு மணி நேரம் ஆனது. அது சட்டப்படி என் கார் ஆவதற்கு நாலரை மாதம் ஆனது. அந்த இரண்டேகால் லட்சம் என்ன ஆனது என்று நான்காவது படியில் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் இருந்து, பத்திலிருந்து இருபத்தைந்து லட்சத்துக்குள் ஓட்டச் சுகமான பழைய கார் தேடுபவர்களுக்காக எழுதுகிறேன். 'இதெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரா, நாலு கதவு வைத்த குடும்பக் கார்தானே' என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். நம்மூரில் இந்த விலைக்கு உண்மையில் கிடைப்பது இதுதான்.

1. காரைத் தேர்ந்தெடுக்காதீர்கள், உதிரிபாகத்தைத் தேர்ந்தெடுங்கள்

குதிரைத்திறனை ஒப்பிட்டு நேரம் வீணாக்க வேண்டாம். நாளைக்கு ஒரு பம்பர் உடைந்தால் எத்தனை நாளில் வரும்? முதல் கேள்வி அதுதான்.

ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி.ஐ. 2016 கடைசியில் வந்தது. 1.8 லிட்டர் டர்போ, 192 பி.எஸ். (குதிரைத்திறன் அளவு), மூன்று கதவு. இந்தியாவுக்கென்று ஒதுக்கியது 99 கார்கள்தான். ஓட்டினால் சிரிப்பை அடக்க முடியாது. ஆனால் அதன் கதவு சாதாரணப் போலோவின் கதவு அல்ல. கதவு நசுங்கினால் வெளிநாட்டிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஃபியட் அபார்த் புன்டோ 2015-இல் பத்து லட்சத்துக்கும் கீழே 145 பி.எஸ். கொடுத்தது. இன்றைக்கும் கொடுக்கிற காசுக்கு அதிகச் சந்தோஷம் தரும் கார் அதுதான் என்பேன். ஆனால் ஃபியட் இங்கே கடையைக் கட்டிவிட்டது. நம்பகமான ஃபியட் மெக்கானிக் ஒருவர் உங்கள் ஊரிலேயே இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. எளிதாகக் கிடைக்கும். அதில் இரண்டு வகை. 2013-இலிருந்து வந்த 1.2 லிட்டர் இன்ஜினோடு ஏழு கியர் உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி., அதாவது இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வரும். நம் வெயிலிலும் நெரிசலிலும் அதன் கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் யூனிட் போனால் பில் உங்களைத் தூங்க விடாது. 2020-க்குப் பிறகான 1.0 லிட்டரில் வழக்கமான டார்க் கன்வர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், அந்தப் பயம் இல்லை.

ஆக்டேவியா ஆர்.எஸ்.-ஐ நான் எடுத்தது இந்தக் கணக்கில்தான். 2017-இல் வந்த 230 பி.எஸ். மாடலில் உள்ளது ஆறு கியர், எண்ணெய்க்குள் ஓடும் கிளட்ச் உள்ள டி.எஸ்.ஜி. கதவு, கண்ணாடி, உள்ளே இருக்கிற பாகங்களில் பாதிக்கு மேல் சாதாரண ஆக்டேவியாவோடு ஒன்று. 2020-இல் வந்த ஆர்.எஸ். 245 மொத்தம் 200 கார்கள்தான். வைத்திருப்பவர் விற்பது அபூர்வம், விற்றாலும் விலையில் இறங்க மாட்டார்.

ஃபோர்டு மஸ்டாங் பட்ஜெட்டுக்கு எட்டுகிற மாதிரி வந்தால் ஒரு நிமிடம் யோசியுங்கள். மறைமலைநகரில் ஃபோர்டு தொழிற்சாலை இருந்தது உண்மை. மஸ்டாங் அங்கே செய்த கார் அல்ல, இறக்குமதி. கம்பெனியும் 2021-இல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது.

2. விலையை அல்ல, முதல் வருடச் செலவை எழுதுங்கள்

ஒரு தாளில் இவ்வளவையும் எழுதிக் கூட்டுங்கள்: கார் விலை, புரோக்கர் கமிஷன், வெளி மாநிலம் என்றால் வரி, இன்ஷூரன்ஸ், நான்கு டயர், கியர்பாக்ஸ் ஆயில், பிரேக். இதற்கு மேல் கார் விலையில் பத்தில் ஒரு பங்கைக் கையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு படி கீழே உள்ள காரைப் பாருங்கள். வேகக் காரைப் பழுதோடு ஓட்டுவது நடக்கிற காரியமில்லை.

கடன் எடுப்பவர்களுக்கு: பழைய கார் கடனுக்கு வட்டி புதுக் கார் கடனைவிட அதிகம், தவணைக் காலமும் குறைவு. காரின் வயதைப் பார்த்தே பல வங்கிகள் ஒதுங்கிவிடும். காரைப் பார்ப்பதற்கு முன்பே கடன் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

3. வீட்டில் உட்கார்ந்தே பாதிக் கார்களைக் கழித்துவிடலாம்

விற்பவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். நம்பர் பிளேட்டை மறைத்துப் படம் போட்டவர் போனிலும் தர மறுத்தால் அடுத்த காருக்குப் போய்விடுங்கள்.

எண் கிடைத்ததும் எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். பதிவு தேதி, எத்தனையாவது ஓனர், இன்ஷூரன்ஸ் எதுவரை, கடன் ஏறியிருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். 'சிங்கிள் ஓனர் சார்' என்று சொன்ன ஒருவரின் காரில் ஓனர் எண் மூன்று என்று இருந்தது. கேட்டதற்கு 'நான் சிங்கிள்தான் சார்' என்றார்.

அடுத்து இ-சலான் தளம். என் காருக்கு பெங்களூரில் 11 சலான்கள் பாக்கி. அபராதத் தொகை பெரிதில்லை, ஆனால் அவற்றைக் கட்டாமல் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) கிளம்பாது. திருட்டு வண்டிப் பட்டியலில் இருக்கிறதா என்று என்.சி.ஆர்.பி. (தேசியக் குற்ற ஆவணக் காப்பகம்) தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அந்தச் சான்றை அச்செடுத்து வையுங்கள், பிறகு உதவும்.

கடைசியாக சர்வீஸ் வரலாறு. அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரில் அது கணினியில் இருக்கும். ஓனர் கேட்டால் கொடுப்பார்கள், அதனால் அவரையே வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். கிலோமீட்டர் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஏறுமுகமாக இருக்கிறதா, நடுவில் இரண்டு வருடம் காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். காணாமல் போன வருடங்களில்தான் கதையே இருக்கும்.

4. வெளி மாநிலக் கார்: நான் மாட்டிக்கொண்ட இடம்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். வெளி மாநிலக் காருக்கு அதைவிடப் பொருத்தமான வாக்கியம் இல்லை.

தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதுக் காருக்கு 2023 நவம்பரிலிருந்து ஆயுட்கால வரி 20 சதவீதம். வெளி மாநிலக் காரை இங்கே கொண்டுவந்து பதிவு செய்தால் காரின் வயதுக்கேற்ப அது குறையும். ஆனால் கணக்குப் போடுவது நீங்கள் கொடுத்த விலையில் அல்ல, புதிதாக விற்றபோது இருந்த விலையில். நான் என் வாங்கு விலையை வைத்து மனக்கணக்குப் போட்டேன். வந்த வரி, நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த இரண்டேகால் லட்சத்தை விழுங்கிவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டது. உள்ளூர் காரையே பேரம் பேசி வாங்கியிருக்கலாம்.

பழைய மாநிலத்தில் மீதிக் காலத்துக்கான வரியைத் திருப்பிக் கேட்கலாம். அது தனி விண்ணப்பம், தனி அலைச்சல். அந்தப் பணத்தை நம்பி விலை பேசாதீர்கள்.

காகித வரிசை இதுதான். ஒன்று முடியாமல் அடுத்தது நகராது:

முதலில் கடன் நீக்கம். விற்பவர் கடனைக் கட்டி முடித்திருந்தால் மட்டும் போதாது, ஆர்.சி.யிலிருந்தும் வங்கியின் பெயர் நீங்க வேண்டும். அதற்கு வங்கியின் என்.ஓ.சி.யும் வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-ம் வேண்டும். வங்கி தரும் என்.ஓ.சி.க்குப் பெரும்பாலும் 90 நாள்தான் ஆயுள். என் காரின் ஓனர் இரண்டு வருடம் முன்பே கடனை அடைத்துவிட்டு, அந்தத் தாளைப் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். அது காலாவதி ஆகியிருந்தது. புதிதாக வாங்க மட்டும் ஐந்து வாரம்.

இரண்டாவது, பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் என்.ஓ.சி., அதாவது படிவம் 28. வரி பாக்கி, சலான், திருட்டுப் புகார் ஏதும் இல்லை என்று பார்த்துத் தருவார்கள். இதில் சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து ஒட்ட வேண்டும். காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்ட பிறகு 'அந்த அச்சு சரியாக விழவில்லை, மறுபடி அனுப்புங்கள்' என்று போன் வரும். நாலைந்து அச்சு கூடுதலாக எடுத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மூன்றாவது, நம் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றம், புது எண், வரி மூன்றும். காரை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மாற்றிய சைலன்சரோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கம்பெனி கொடுத்த ஒரிஜினல் சைலன்சரை விற்பவரிடம் கேட்டு வாங்கி வாருங்கள். பலரும் அதை மாடியில் போட்டு மறந்திருப்பார்கள்.

'12 மாதம் வரை அந்த நம்பரிலேயே ஓட்டலாம்' என்று எல்லாப் புரோக்கரும் சொல்வார். அது புதுப் பதிவு எண் எடுப்பதற்கான கெடு. வரிக்கும் பெயர் மாற்றத்துக்கும் கொடுத்த விடுமுறை அல்ல. இங்கே குடியிருக்கும் நீங்கள் அந்தக் காரை வாங்கியிருந்தால் செக்போஸ்ட்டில் அந்தப் பேச்சு எடுபடாது.

பாண்டிச்சேரி பதிவுக் காருக்கும் இதே கதைதான். டெல்லிக் கார்கள் வலைதளங்களில் ஆச்சரியமான விலைக்கு வரும். காரணம், அங்கே 10 வருடம் தாண்டிய டீசலுக்கும் 15 வருடம் தாண்டிய பெட்ரோலுக்கும் வந்த தடை; 2025-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. பி.எச். பதிவுக் கார் (மாநிலம் மாறினாலும் மறுபதிவு தேவைப்படாத 'பாரத்' வரிசை எண்) என்றால், அந்த வசதிக்குத் தகுதியில்லாதவர் வாங்கும்போது சாதாரணப் பதிவுக்கு மாற்றி வரி கட்ட வேண்டும்.

5. நேரில் பார்க்கும்போது

காலையில் போங்கள், கார் குளிர்ந்திருக்க வேண்டும். 'வார்ம்-அப் பண்ணி வைக்கிறேன் சார்' என்றால் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பானெட்டைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

கண்ணாடிகளில் இருந்து தொடங்குங்கள். எல்லாக் கண்ணாடியிலும் ஓரத்தில் தயாரிப்பு வருடக் குறி இருக்கும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் அந்தப் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது. கதவு கீல், பானெட் போல்ட்டுகளில் பெயிண்ட் உடைந்திருக்கிறதா பாருங்கள். பெயிண்ட் கனம் பார்க்கும் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. கம்பெனி பெயிண்ட் ஏறக்குறைய 80 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும், 300-ஐத் தாண்டினால் அடியில் பட்டி பூசியிருக்கிறார்கள். ஒரு கதவில் அப்படி இருந்தால் அது பேரத்துக்கு உதவும். தூண்களிலும் கூரையிலும் இருந்தால் கிளம்பிவிடுங்கள்.

டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரத்தில் செய்தது. கோடு நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரோடு வேகக் கார் ஓட்டாதீர்கள். பக்கச்சுவர் உயரம் குறைந்த டயர் உள்ள கார்களில் ரிம் வளைந்திருக்கும், உள்பக்கம் கையை விட்டுத் தடவுங்கள்.

வெள்ளத்தில் நின்ற கார்! 2015, 2023 டிசம்பர்களில் சென்னையில் மூழ்கிய கார்கள் எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விடவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி முழு இழப்பென்று கணக்கை முடித்த கார்கள் ஏலத்தில் போய், துடைத்து, வேறு ஊர்களில் விற்பனைக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கோடு இருக்கலாம். பெல்ட் புதிதாகவும் சீட் பழையதாகவும் இருந்தால் அது இன்னும் மோசம். சீட் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், ஏ.சி. போடாமல் கதவை மூடினால் ஈர வாடை. இதில் எது இருந்தாலும் கிளம்புங்கள்.

6. லிஃப்டில் ஏற்றாமல் பணம் பேச வேண்டாம்

விற்பவர் சொல்லும் கராஜுக்கு அல்ல, நீங்கள் தேர்ந்தெடுத்த கராஜுக்குக் கொண்டுபோங்கள். எனக்கு 4,500 ரூபாய் வாங்கினார்கள். இந்த முழுக்கதையிலும் மனம் நோகாமல் நான் கொடுத்த பணம் அது ஒன்றுதான்.

மெக்கானிக்கிடம் இதையெல்லாம் கேளுங்கள்: காரின் கணினியில் பதிவாகும் பிழைக் குறிகள் சமீபத்தில் அழிக்கப்பட்டிருக்கின்றனவா? மீட்டரில் உள்ள கிலோமீட்டரும் மற்ற கன்ட்ரோல் யூனிட்களில் பதிந்திருக்கும் கிலோமீட்டரும் பொருந்துகின்றனவா? மீட்டரைத் திருத்துபவர் எல்லா இடத்திலும் திருத்துவதில்லை.

ஆக்டேவியா ஆர்.எஸ்., போலோ ஜி.டி.ஐ. போன்றவற்றில் உள்ள டர்போ இன்ஜினில் வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் உறையில் கசிவு பரவலான நோய். கூலன்ட் அளவு குறைந்திருந்தால் முதலில் அங்கே பாருங்கள். ஆறு கியர் டி.எஸ்.ஜி.க்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

முக்கியமானது ரீமேப். இந்தக் கார்களில் நிறையப் பேர் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டியிருப்பார்கள். விற்கும் முன் பழையபடி மாற்றிவைத்து 'ஸ்டாக் கார்' என்பார்கள். ரீமேப் என்பதே குற்றம் இல்லை. ஆனால் கூடுதல் சக்தியில் எத்தனை வருடம் கிளட்ச் இழுபட்டது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நேராகக் கேளுங்கள். ஒளிவில்லாமல் பில்லோடு காட்டுகிறவரின் காரை, சத்தியம் செய்கிறவரின் காரைவிட நான் அதிகம் நம்புவேன்.

7. பேரம்

குறைகளைக் காரைச் சுற்றி நின்று சொல்லாதீர்கள், விற்பவருக்கு அது பிள்ளையைத் திட்டுவது மாதிரி. உட்கார்ந்து, தாளில் எழுதிக் காட்டுங்கள்: நான்கு டயர் இவ்வளவு, கியர் ஆயில் இவ்வளவு, பாக்கி சலான் இவ்வளவு. என் ஆள் இதற்குத்தான் இறங்கினார், 'கடைசி விலை சொல்லுங்க' என்று நான் நாலுமுறை கேட்டதற்கு அல்ல.

வெளிநாடு போகிறவர், இன்ஷூரன்ஸ் அடுத்த மாதம் முடிகிறவர், வருடக் கடைசியில் விற்கிறவர் ஆகியோரிடம் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். ஜனவரி பிறந்தால் காருக்கு ஒரு வயது கூடிவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

8. பணம் கொடுக்கும் நாள்

டோக்கன் அட்வான்ஸை வங்கி வழியாகக் கொடுங்கள், பத்தாயிரம் இருபதாயிரத்தோடு நிறுத்துங்கள். 'கடன் நீக்கமோ என்.ஓ.சி.யோ கிடைக்காவிட்டால் திருப்பித் தரப்படும்' என்ற ஒரு வரியை வாட்ஸ்ஆப்பிலாவது வாங்கிவிடுங்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தடை, அபராதம் வாங்குகிறவருக்கு. பாதி ரொக்கம் கேட்பவரிடம் இதைச் சொன்னால் சுருதி மாறும். வியாபாரியிடம் பத்து லட்சத்துக்கு மேல் வாங்கினால் ஒரு சதவீதம் டி.சி.எஸ். (விற்பவர் வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார். உங்கள் பான் எண்ணில் ஏறியிருந்தால் வரிக் கணக்கில் அது திரும்பி வரும்.

கையில் வாங்க வேண்டியவை: அசல் ஆர்.சி., பெயர் மாற்றத்துக்காக விற்பவர் கையெழுத்திட்ட படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, விற்பனை ரசீது, அவருடைய அடையாள, முகவரிச் சான்று, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, கடன் இருந்திருந்தால் படிவம் 35, இரண்டு சாவி. இரண்டாவது சாவி 'ஊரில் இருக்கிறது' என்றால் அதன் விலையைக் கழித்துக்கொள்ளுங்கள், அது ஒருபோதும் வராது. ரசீதில் தேதியோடு மணியையும் எழுதுங்கள். அன்று காலை பத்து மணிக்கு விழுந்த சலான் யாருடையது என்ற சண்டையே வராது.

என் புத்திசாலித்தனத்தைப் பாருங்கள்: கடன் நீக்கம் முடியும் முன்பே முழுப் பணத்தையும் கொடுத்தேன். நல்ல மனிதர், ஏமாற்றவில்லை. ஆனால் பணம் கைக்கு வந்த மனிதருக்கு வங்கிக்குப் போக நேரமே கிடைக்கவில்லை. குறைந்தது ஒரு லட்சத்தையாவது படிவம் 28 கைக்கு வரும்வரை நிறுத்திவையுங்கள்.

9. இன்ஷூரன்ஸும் பெயர் மாற்றமும்

வாங்கிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு காரோடு வரும். உங்கள் காருக்கே ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு தானாக வராது. இருபது லட்ச ரூபாய் காரை அப்படி ஓட்டிக்கொண்டிருக்கிறவர்கள் நிறையப் பேர். நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காமல் இருந்ததற்கான பிரீமியம் சலுகை, ஓனருக்குச் சொந்தம், காருக்கு அல்ல. விற்றவர் 50 சதவீதச் சலுகை வைத்திருந்தால் அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும். 1,500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும் 2022-இல் நிர்ணயித்தபடி வருடத்துக்கு 7,897 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி.

உள்ளூர் கார் என்றால் பெயர் மாற்றம் எளிது. விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். புதிதாக ஆயுட்கால வரி கிடையாது. அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான், ஏஜெண்ட் கேட்பது ஆயிரங்களில். 'கையெழுத்துப் போட்ட படிவம் இருக்கட்டும், விற்கும்போது நேராக அடுத்தவர் பேருக்கு மாத்திக்கலாம்' என்பதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. விற்றவருக்கு அதைச் சொல்லுங்கள், அடுத்த நாளே ஆபீஸுக்கு உங்களுக்கு முன்னால் வந்து நிற்பார்.

ஃபாஸ்டேக்கையும் அன்றே மாற்றுங்கள். நான் மறந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து பெங்களூர்க்காரரிடமிருந்து போன்: "சார், இப்பத்தான் கிருஷ்ணகிரி டோல் தாண்டினீங்களா? வண்டி எப்படிப் போகுது?"